கணக்கில் வராத நான்கு இன்னிங்ஸ்: ஒரு கோஷியென் பயணக் குறிப்பு

ஜூன் 14, அமகாசாகி

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அதைவிட நீண்ட காலமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதிவருகிறேன். அலுவலக வேலையாக ஒசாகாவுக்கு வந்த இடத்தில் ஆறு நாள் விடுப்புக் கிடைத்தது. தங்கை மகன் இங்கே, ஒசாகாவை ஒட்டிய அமகாசாகியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் அவன் அறையில் ஒண்டிக்கொண்டேன். கோயில்களையும் மான்களையும் பார்க்கக் கியோட்டோவுக்கும் நாராவுக்கும் அழைத்துப்போவதாக அவன் போட்டிருந்த திட்டத்தை மறுத்து, பேஸ்பால் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதில் அவனுக்கு வியப்பு. பந்தும் மட்டையும் இருக்கும் எந்த விளையாட்டானாலும் அதன் ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பலவீனம்.

அமகாசாகி ரயில் நிலையத்துக்கு அருகில் கூரை போட்ட நீண்ட கடைத்தெரு ஒன்று இருக்கிறது. மீன் கடை, ஊறுகாய்க் கடை, செருப்புக் கடை என எதன் வாசலிலும் ஹான்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் மஞ்சளும் கறுப்பும் தொங்குகின்றன. லீக் பட்டத்தை உறுதிசெய்ய ஓர் அணிக்கு இன்னும் எத்தனை வெற்றி வேண்டும் என்பதை இங்கே மேஜிக் எண் என்கிறார்கள். பருவத்தின் பிற்பகுதியில், பெரும்பாலும் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோதான் அந்தக் கணக்குக்குப் பொருள் வரும். இந்தத் தெருக்காரர்களோ பருவம் தொடங்குவதற்கு முன்பே, ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், முழுப் பருவத்துக்கான 143 ஆட்டங்களையும் மேஜிக் எண்ணாக எழுதி விளக்கேற்றி விழா எடுத்துவிடுவார்களாம். மொய் எழுதும் முன்பே பந்தி முடிந்த மாதிரி இருக்கிறது என்றேன். மருமகனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தெருவில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று என்னை எச்சரித்தான்.

இரவு உணவுக்கு ஒக்கொனோமியாக்கி. முட்டைக்கோஸை மாவில் கலந்து இரும்புத் தட்டில் ஊத்தப்பம் போல் கனமாக வார்த்து, மேலே இனிப்பான கறுப்புக் குழம்பைப் பூசித் தருகிறார்கள். விலை ஏறத்தாழ 900 யென். ஒரு யென்னுக்கு நம் பணம் அறுபது காசு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தட்டின் முன் நின்ற மூதாட்டி என்னை இந்தியன் என்று அறிந்ததும் மட்டை வீசுவதுபோல் கையை அசைத்துக் காட்டினார். இந்த ஆண்டு பட்டம் கிடைக்குமா என்று மருமகனைக் கேட்கச் சொன்னேன். அவர் உதட்டின்மேல் விரலை வைத்து, "ஆரே, ஆரே" என்றார். ஆரே என்றால் ‘அது’. 2023-ல் மேலாளராக இருந்த அகினோபு ஒகாடா, பட்டம் என்ற சொல்லை உச்சரித்தால் வீரர்கள் பதறுவார்கள் என்று கருதி, அதை ‘அது’ என்றே குறிப்பிட்டுவந்தார். அணி ‘அதை’ வென்றது. அந்தச் சொல் அவ்வாண்டு ஜப்பான் முழுவதிலும் பேசப்பட்ட சொல்லாக விருதும் பெற்றது. இரவில் பாம்பைப் பூச்சி என்று சொல்லும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இதை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜூன் 15, டோட்டன்போரி

பகல் முழுவதும் புழுக்கம். மழைக்காலம் தொடங்கிவிட்டது என்றார்கள், ஆனால் வானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதே தவிர அழவில்லை.

ஒசாகாவின் டோட்டன்போரி கால்வாயைப் பார்க்கப் போனதற்குக் காரணம் ஒரு பொம்மை. 1985 அக்டோபர் 16 அன்று டைகர்ஸ் லீக் பட்டத்தை வென்றபோது, பாலத்தில் கூடிய ரசிகர்கள் ஒவ்வொரு வீரரின் பெயராகக் கூவ, அந்த வீரரைப் போலிருந்த ரசிகர் ஒருவர் கால்வாயில் குதித்துக்கொண்டே இருந்தார். அமெரிக்கரான ராண்டி பாஸின் முறை வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரர் கூட்டத்தில் யாரும் அகப்படாததால், பக்கத்துக் கோழி வறுவல் கடையின் வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு தேசியப் பட்டத்துக்கான ஜப்பான் தொடரையும் வென்ற அணி, அதன்பின் 38 ஆண்டுகள் அதை மீண்டும் வெல்லவில்லை. கர்னலின் சாபம் என்றார்கள். 2009 மார்ச்சில் சிலை சேற்றிலிருந்து கிடைத்தபோது மூக்குக்கண்ணாடியும் இடக்கையும் இல்லை. 2023 நவம்பர் 5 அன்று அந்தத் தொடரில் ஓரிக்ஸ் அணியை நான்கு ஆட்டங்களுக்கு மூன்று என்ற கணக்கில் முடித்துத்தான் சாபம் தீர்ந்தது. அன்றைய மேலாளர் ஒகாடா, 1985-ல் அதே அணியில் இரண்டாம் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவதில்) நின்றவர் என்பது எனக்குச் சாபத்தைவிடச் சுவையான செய்தி.

கால்வாயில் சுற்றுலாப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தபின், குதித்தவர்கள்மேல் மரியாதை கூடியது.

ஜூன் 16, மீண்டும் அமகாசாகி

டைகர்ஸ் அணிக்கு இரண்டாம் நிலை அணி ஒன்று உண்டு. அதன் மைதானம் 2025 மார்ச் முதல் அமகாசாகியில், டைமோட்சு ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. முதல் அணியின் மைதானமான கோஷியெனின் அளவையும் கறுப்பு மண்ணையும் அப்படியே இங்கும் அமைத்திருக்கிறார்கள். இங்கே பழகிய கால் அங்கே போய்த் தடுமாறக் கூடாது என்ற எண்ணம். பக்கத்திலேயே இளம் வீரர்களின் விடுதி. அதற்குக் கொஃபூசோ என்று பெயர்; புலிக் காற்று மனை என்று பொருள் கொள்ளலாம்.

ஆட்டம் தொடங்கும் முன் வேலிக்கு வெளியே நின்று பயிற்சியைப் பார்த்தேன். வலைத் தடுப்புக்குப் பின்னால் நின்ற ஒருவர், கூடையிலிருந்து பந்தை எடுத்து எறிவதும், எதிரே ஓர் இளைஞர் அடிப்பதும், மீண்டும் எடுத்து எறிவதுமாக இருபது நிமிடம் போயிற்று. எறிபவரின் தலை முன்புறம் வழுக்கை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பந்தும் இடுப்புயரத்தில், ஒரே வேகத்தில், ஒரே இடத்துக்குப் போனது. பயிற்சிப் பந்து எறிவதற்கென்றே ஜப்பானிய அணிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. இவர்களில் பெரும்பாலோர் ஒருகாலத்தில் பிட்சராக இருந்து நிலைக்க முடியாமல் போனவர்கள். யாராலும் அடிக்க முடியாதபடி எறியப் பாடுபட்டுக் கற்ற கை, இப்போது எவரும் அடிக்க வாகாக எறிந்து பிழைக்கிறது. கூடை காலியானதும் அவர் தொப்பியைக் கழற்றி அந்த இளைஞருக்குத் தலை குனிந்தார்; இளைஞர் அதைவிடத் தாழக் குனிந்தார். பின்னர் இருவருமே குனிந்து புல்லில் கிடந்த பந்துகளைப் பொறுக்கினார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில வீரர்களின் முதுகில் மூன்று இலக்க எண். வளர்ப்பு வீரர் என்ற ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் அவர்கள். முதல் அணியில் ஆடத் தகுதியுள்ள ஒப்பந்தங்கள் ஓர் அணிக்கு 70-க்கு மேல் கிடையாது. அந்த எழுபதில் இடம் கிடைத்தால் முதுகிலிருந்து ஓர் இலக்கம் உதிரும். கிடைக்காவிட்டால், திறமை எவ்வளவு இருந்தாலும் முதல் அணி ஆட்டத்தில் இறங்க முடியாது. ஒரு பருவத்தில் அந்த மாற்றத்துக்குக் கடைசி நாள் ஜூலை 31. இன்று ஜூன் 16. வெளிக்களத்தின் மூலையில், பிடிக்கவே முடியாத ஒரு பந்துக்காகப் பாய்ந்து விழுந்து, தாடையில் புல்லோடு எழுந்த பையனின் முதுகில் மூன்று இலக்கம் இருந்ததைக் கவனித்துவிட்டு, ஆட்டத்தின் மீதிப் பகுதியில் அவனை மட்டுமே பார்த்தேன். இரண்டு முறை அவுட், ஒருமுறை நடை (அடிக்க வாகில்லாத நான்கு பந்துகள் வந்ததால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்). கைதட்டியவர்கள் நாங்கள் இருவரும், ஒரு குழந்தையோடு வந்திருந்த தாயும்.

திரும்பும் வழியில் எழுதுபொருள் கடையில் பேஸ்பால் ஸ்கோர் புத்தகம் ஒன்று வாங்கினேன். இங்கே வாசெதா முறை, கெய்யோ முறை என்று இரண்டு எழுத்து முறைகள், இரண்டுமே பல்கலைக்கழகங்களின் பெயரால். பொதுமக்கள் வாசெதா முறையில் எழுதுகிறார்கள். தொழில்முறை லீக்கின் அதிகாரபூர்வப் பதிவாளர்கள் கெய்யோ முறைக்காரர்கள். வாசெதா முறையில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு வைர வடிவம். அவுட்டானால் வைரத்தின் நடுவில் ரோமானிய எண்ணில் அது எத்தனையாவது அவுட் என்று எழுத வேண்டும். பிட்சரின் பொறுப்பில் ஓட்டம் விழுந்தால் நடுவில் கறுப்புப் பொட்டு. களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை எண் உண்டு. பந்து 6-இடமிருந்து 3-க்குப் போனது என்றால் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார் என்று பொருள். மருமகன் தூங்கிய பிறகும் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17, கோஷியென்

"மாமா, குடையெல்லாம் எடுக்காதீங்க. அங்க விரிக்க விட மாட்டாங்க" என்றான் மருமகன். பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பதால் மைதானத்தில் குடை கூடாது; மழை வந்தால் பிளாஸ்டிக் அங்கிதான். அங்கி வாங்க மறந்தோம். இன்றைய துன்பத்தின் தொடக்கம் அது.

கோஷியென் நிலையத்தில் இறங்கியதும் கூட்டமே நம்மை மைதானத்துக்குக் கொண்டு சேர்த்துவிடும். ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையே ரயில் விடும் ஹான்ஷின் நிறுவனம், கைவிடப்பட்ட ஓர் ஆற்றுப்படுகையை வாங்கி, ஐந்து மாதத்துக்குள் கட்டி, 1924 ஆகஸ்ட் 1 அன்று திறந்த மைதானம் இது. பெயரின் கதை நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும். சீன வழி வந்த அறுபது ஆண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டுக்குரிய இரண்டு எழுத்துகளைத்தான் ‘கோஷி’ என்று படிக்கிறார்கள். 1924 அந்த முதல் ஆண்டு. நம் அறுபது ஆண்டுக் கணக்கில் அது ஐம்பத்தெட்டாவதான இரத்தாட்சி. நமது பிரபவ வர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. மைதானத்துக்கு அறுபது நிறைந்த 1984-ல், நாம் என்றால் மணிவிழா எடுத்திருப்போம். இவர்கள் ஸ்கோர் பலகையை மின்மயமாக்கினார்கள். அதற்கு முன்பு வரை ஒவ்வொரு வீரரின் பெயரையும் பணியாளர்கள் தூரிகையால் பலகையில் எழுதித் தூக்கி மாட்டினார்களாம். இன்றைய மின்பலகையிலும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள், அந்தத் தூரிகை எழுத்தின் சாயலிலேயே ஒளிர்கின்றன. வேறு மைதானங்களின் பளபளக்கும் வண்ணப் பலகைகளைவிட எனக்கு இது பிடித்தது. ஸ்கோர் எழுதுபவன் ஒருதலையாகத்தான் பேசுவேன்.

அணி தோன்றியது மைதானத்துக்குப் பின்னால், 1935 டிசம்பரில். அப்போது ஒசாகா டைகர்ஸ். இன்றைக்கும் ஆகஸ்ட் மாதம் வந்தால், பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டிக்கு மைதானத்தைக் கொடுத்துவிட்டு இந்தத் தொழில்முறை அணி மூட்டை முடிச்சோடு வெளியேறிவிடும். சொந்த வீட்டில் வாடகைக்காரன் போன்ற இந்த நிலையை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்கவில்லை.

எங்கள் இருக்கை ஆல்ப்ஸ் பகுதியில். விலை 3,000 யெனுக்கு அருகில். வெள்ளைச் சட்டைக் கூட்டம் அடுக்கடுக்காக அமர்ந்திருந்தது பனிமலைபோல் தெரிந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள். உள்களத்தை ஒட்டிய இருக்கைகளுக்கு மேல் வெள்ளிக் குடை எனப்படும் கூரை உண்டு. ஆல்ப்ஸ் பகுதிக்கு வானமே கூரை. முதலில் கோஷியென் கறி சோறு வாங்கினோம். மைதானம் திறந்த 1924 முதல் இங்கே விற்கப்படுவது. நம் ‘கறி’ ஐரோப்பா வழியாகச் சுற்றி இங்கே ‘கரே’ ஆகி, வழியில் காரத்தை எங்கோ தொலைத்துவிட்டு, கெட்டியாகவும் இனிப்பாகவும் வந்து நிற்கிறது. குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டேன்.

முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்த பெண்கள் செங்குத்தான படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். யாராவது கை தூக்கினால், அந்த வரிசையின் ஓரத்தில் முழங்காலிட்டு, பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் மறையாதபடி குழாயைத் திருப்பி ஊற்றுகிறார்கள். பீப்பாய் நிறைந்திருக்கும்போது பதினைந்து கிலோ இருக்கும். எங்கள் பக்கம் வந்த பெண், மூன்று இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) பதினொரு முறை ஏறியதை ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். அவர் ஒருமுறைகூடப் பந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. தவறி அடித்த பந்து பார்வையாளர் பக்கம் பறந்தால் உடனே ஒரு விசில் ஒலிக்கும். பந்து விழுந்த இடத்துக்குப் பணியாளர் ஒருவர் ஓடிப்போய், யாருக்கும் அடிபடவில்லையே என்று குனிந்து கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

டைகர்ஸ் பேட் செய்யும்போது, வலது வெளிக்களக் கூட்டம் எழுந்து நின்று எக்காளமும் முரசும் முழங்க, ஒவ்வொரு வீரருக்கும் உரிய தனிப் பாட்டைப் பாடுகிறது. எதிரணி பேட் செய்யும்போது அவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது பாடும் முறை, இடது மூலையில் ஒதுக்கப்பட்ட சிறு பகுதியில் இருக்கும் எதிரணி ரசிகர்களுடையது. இத்தனை பெரிய கூட்டம் இப்படி முறை வைத்துக் கத்தும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். விதிவிலக்கு எங்கள் வரிசையில் இருந்தார். எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்த எழுபது வயதுப் பாட்டி, முறை எதுவும் பார்க்காமல், சொந்த அணியையே திட்டித் தீர்த்தார். என்ன சொல்கிறார் என்று மருமகனைக் கேட்டேன். "அத மொழிபெயர்க்க முடியாது மாமா" என்றான்.

பாட்டியின் அந்தப் பக்கம் அவர் கணவர். அவர் ஒன்றுமே பேசவில்லை; காரணம், அவர் மடியிலும் ஒரு ஸ்கோர் புத்தகம். இரண்டாம் இன்னிங்ஸில் ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் இன்னிங்ஸில் நான் 6-3 என்று எழுதியதைப் பார்த்தவர், மனைவியின் முழங்காலுக்கு மேலாகக் கையை நீட்டி, தம் பென்சிலால் என் புத்தகத்தில் 6-ஐ அடித்து 4 என்று திருத்தினார். பந்தை எடுத்தவர் இரண்டாம் பேஸ்காரர்தான். அவர் ஷார்ட்ஸ்டாப்பின் பக்கம் வெகுதூரம் ஓடிவந்து எடுத்ததால் ஏமாந்துவிட்டேன். நான் தலை குனிந்தேன். அவரும் குனிந்தார். மொழி தேவைப்படவில்லை. நம்மூரில் இன்னொரு ஸ்கோரர் என் ஏட்டில் கை வைத்திருந்தால் பெரிய சண்டையாகியிருக்கும்.

இங்கே கடல் அருகில். கடற்காற்று வழக்கமாக வலது களத்திலிருந்து இடது களத்தை நோக்கி வீசி, இடக்கை ஆட்டக்காரர்கள் வலப்பக்கம் தூக்கி அடிக்கும் பந்துகளைத் தடுத்துக் கீழே இறக்கிவிடும். அதற்கு ஹமகாசே என்று தனிப் பெயரே உண்டு. இன்று மாலை காற்று சட்டென்று நின்றது. அடுத்து முதல் துளி ஸ்கோர் புத்தகத்தில் விழுந்தது. நான்காம் இன்னிங்ஸில் டைகர்ஸ் வீரர் ஒருவர் இடது வெளிக்களத்தின் வேலியைத் தாண்டி ஹோம் ரன் அடித்தபோது மழை வலுத்திருந்தது. கறுப்புப் பொட்டு வைத்தேன். அது பூவாக விரிந்தது. பாட்டி தம் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, என்மேல் அல்ல, என் புத்தகத்தின்மேல் போர்த்தினார். பிறகு கையில் ஒரு மிட்டாயைத் திணித்து "ஆமே" என்றார். ஒசாகா வட்டாரத்துப் பாட்டிகளின் கைப்பையில் அடுத்தவருக்குக் கொடுப்பதற்கென்றே மிட்டாய் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மிட்டாய்க்கும் மழைக்கும் ஜப்பானிய மொழியில் ஒரே ஒலி, ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. அவர் எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டும் என்னிடம் இருந்தன.

நான்காம் இன்னிங்ஸ் முடிந்ததும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். களப் பணியாளர்கள் ஓடிவந்து பிட்சரின் மேட்டையும் ஹோம் பிளேட்டையும் மூடினார்கள். முக்கால் மணி நேரத்துக்குமேல் காத்திருந்தோம். பின்னர் ஒலிபெருக்கியில், மென்மையான பெண் குரலில் அறிவிப்பு. மைதானங்களின் பெண் அறிவிப்பாளர்களை இங்கே குயில் போன்றதொரு பாடும் பறவையின் பெயரால் அழைக்கிறார்கள். அந்தக் குரல் சொன்ன செய்திதான் இனிமையாக இல்லை. ஐந்து இன்னிங்ஸ் நிறைவடையாமல் மழையால் கைவிடப்பட்டதால் இது ‘நோ கேம்’. அதாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அடித்த ஹோம் ரன், எடுத்த விக்கெட் போன்ற அவுட்டுகள், யாருடைய கணக்கிலும் ஏறாது. முதலிலிருந்து வேறொரு நாளில் ஆடுவார்கள். கிரிக்கெட்டில் மழை ஆட்டத்தைக் கெடுத்தாலும் அடித்த ஓட்டங்கள் அடித்தவருக்கே சேரும். கண் முன்னால் நடந்ததை நடக்கவில்லை என்று அடித்துவிடும் விதியை நான் முதன்முறையாகச் சந்தித்தேன்.

கூட்டம் முணுமுணுத்ததோடு சரி. தங்கள் குப்பையைத் தாங்களே எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடியே, நான்காம் இன்னிங்ஸின் கடைசிக் கட்டத்தை எழுதி முடித்து, பக்கத்தின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டு, தேதியிட்டுப் புத்தகத்தை மூடினார்.

ஜூன் 18, மைதானத்தின் முதுகு

காலையில் தும்மலோடு எழுந்தேன். டைகர்ஸ் செய்தியை ஆண்டு முழுவதும் முதல் பக்கத்தில் போடுவதற்குப் பெயர்போன விளையாட்டு நாளிதழ் ஒன்று இங்கே உண்டு. ஆட்டம் நடக்காத நேற்றைய தினத்துக்கும் முதல் பக்கம் மஞ்சளாகத்தான் இருந்தது.

இன்று மைதானத்தை ஒட்டிய வரலாற்றுக் காட்சியகம். கட்டணம் ஆயிரம் யெனுக்குச் சற்றுக் குறைவு. 1985 ஏப்ரல் 17 அன்று ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக, ஒரே இன்னிங்ஸில் பாஸ், ககெஃபு, ஒகாடா ஆகிய மூவரும் அடுத்தடுத்து நடுக்களத்துக்குப் பின்னால் உள்ள திரையின் பக்கமாக ஹோம் ரன் அடித்த கதை இங்கே புராணம்போல் போற்றப்படுகிறது. காட்சியகத்திலிருந்து அந்தத் திரைக்குக் கீழே வெளியே வந்து மைதானத்தைப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்றதில் ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. காட்சியகத்தின் மீதிப் பகுதியைப் பாதிதான் பார்த்தேன்.

கீழே களப் பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஹான்ஷின் எங்கெய் என்ற தோட்ட நிறுவனத்தைச் சேர்ந்த இவர்களின் பராமரிப்பைத் தெய்வீக வேலை என்றே ரசிகர்கள் சொல்கிறார்கள். கோஷியெனின் உள்களத்தில் புல் கிடையாது, முழுவதும் மண். எரிமலைக் கறுப்பு மண்ணோடு வெண்மணலைக் கலந்து செய்தது. வசந்தத்தில் மழை அதிகம் என்பதால் தண்ணீர் வடிய மணலைக் கூட்டுவார்கள். கோடையில் வெயிலில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியக் கறுப்பு மண்ணைக் கூட்டுவார்கள். ஆட்டமில்லாத குளிர்காலத்தில் தரையை ஆழமாகக் கிளறிப் புரட்டிப் போட்டுவிட்டு, மழை பெய்து இறுகுவதற்காகக் காத்திருப்பார்கள். உருளையால் மட்டும் அழுத்தினால் மேல்தரை இறுகுமே தவிர அடி இறுகாது. நேற்று எங்கள் ஆட்டத்தை அழித்த மழையைத்தான் இவர்கள் குளிர்காலத்தில் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2017 அக்டோபர் 15 அன்று, லீக் ஆட்டங்கள் முடிந்தபின் நடக்கும் சுற்றின் ஆட்டம் ஒன்று சேற்றுக் குழம்பில் நடந்தபோதும் இவர்கள் மணலைக் கொட்டிக் கொட்டி ஆட்டத்தை முடிக்க வைத்தார்கள்.

ஒருவரை மட்டும் தொடர்ந்து பார்த்தேன். முதல் பேஸுக்கு அருகில், நேற்று யாரோ சறுக்கிய இடத்தில் ஒரு கீறல் இருந்தது. அவர் அதில் உடனே மண்ணைப் போடவில்லை. முதலில் மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். எழுந்து பத்தடி தள்ளிப்போய், குனிந்து, தரையை மட்டத்தில் நோக்கினார். பிட்சரின் மேட்டிலிருந்து வெளிப்புறம் நோக்கித் தண்ணீர் வடியும்படி கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்று இருக்கிறது. அது கெட்டால் அடுத்த மழையில் குட்டை கட்டும். பின்னர் மரப்பல் வாரியால், தன் பக்கம் இழுக்காமல், மேலோட்டமாகச் சுழற்றிச் சுழற்றி மண்ணை மேட்டின் பக்கமே திருப்பி அனுப்பினார். நான் நின்ற நேரத்தில் அவர் முடித்தது ஒரு கட்டில் அளவு இடம். கீறல் எங்கே இருந்தது என்று பிறகு எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாலையில் மைதானத்தை ஒட்டிய சுசனோ கோயிலுக்குப் போனோம். பேஸ்பால் பந்து உருவத்தில் கல். வேண்டுதல் பலகைகளில் அணியின் பெயர்கள். மருமகன் எழுதிய பலகையில் என்ன வேண்டினான் என்று கேட்டேன். "அது" என்றான்.

ஜூன் 19, கிளம்பும் நாள்

‘நோ கேம்’ என்றால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் எங்கள் காகித டிக்கெட்டுகள் என் சட்டைப் பையில் ஊறிக் களியாகியிருந்தன. நேற்று இரவு மருமகன் முடி உலர்த்தும் கருவியை வைத்து அரை மணி நேரம் காய்ச்சினான். அப்பளம்போல் சுருண்டன, ஆனால் எண்கள் தப்பின. காலையில் டிக்கெட் விற்ற கடைக்கு எடுத்துக்கொண்டு போனோம். கடையில் இருந்த பெண், அந்தச் சுருளை இரண்டு கைகளாலும் வாங்கி, மேசையில் வைத்து, உடையாமல் மெல்ல நீவி, எண்ணைப் படித்துப் பணத்தை எண்ணித் தந்தார். டிக்கெட்டுகளை நினைவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னேன். பணம் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் தர இயலாது என்று மிகவும் வருந்தி மறுத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறாயிரம் யென் அளவுக்கு வந்தது; வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூட்டை கட்டும்போது ஸ்கோர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பேனாவால் எழுதியிருந்ததால் என் நான்கு இன்னிங்ஸும் நீலக் கறையாகிப் பக்கத்தின் ஓரம்வரை ஓடியிருந்தன. ஹோம் ரன் பொட்டு எது, மழைத்துளி எது என்று பிரிக்க முடியவில்லை. மூன்றாம் இன்னிங்ஸின் ஒரு கட்டத்தில் மட்டும், பெரியவர் பென்சிலால் எழுதிய 4 அப்படியே இருந்தது.

விமானத்துக்கு நேரம் இருந்தது. கடைத்தெருவின் 110 யென் கடையில் ஒரு கட்டுப் பென்சில் வாங்கிக்கொண்டேன்.